நடிப்புக் காய்ச்சல்

ஜூன் 12, வியாழன்

தினமும் எழுத வேண்டும் என்று டாக்டர் கனகமணி சொல்லிவிட்டார். காய்ச்சல் வந்ததா, எங்கே வலி, பல் துலக்கும்போது ரத்தம் வந்ததா, இவ்வளவுதான். ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். "கதையெல்லாம் வேண்டாம்மா, ரெண்டு வரி போதும்" என்றார். இரண்டு வரியில் எனக்கு எழுத வராது. அவருக்கு வேண்டியதைத் தனியாக எழுதித் தந்துவிடுவேன். இது எனக்கு.

முதலில் எழுத வேண்டியது: என் நோய்க்குப் பெயர் இருக்கிறது. முப்பத்தாறு வயதில் தெரிந்தது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று மதுரைக்குப் போனேன். அங்கே பல் டாக்டராக இருந்த கனகமணி வாயைப் பார்த்துவிட்டு, "அடிக்கடி காய்ச்சல் வருமா?" என்று கேட்டார். பத்து வயதிலிருந்து வருகிறது, இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டுவிட்டுத் தானாகப் போய்விடும், கூடவே வயிறோ நெஞ்சோ வலிக்கும் என்றேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அனுப்பி வைத்த இடத்தில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பரம்பரையாக வரும் மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்று பெயராம். கடல் தாண்டி வியாபாரம் செய்த குடும்பங்களில் இப்படி எப்போதாவது வருமாம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. மாமியின் முகம்தான் வந்தது.

மாமி என்றால் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை மரியம் நாச்சியார். மூன்று வருஷம் எனக்கு மாமியாராகவும் இருந்தவர். "இவ காய்ச்சலுக்கு நாள் கிழமை தெரியும். விருந்தாளி வாராஹன்னா வந்துடும்" என்பார். பெருநாளுக்கு மறுநாள் வீடு நிறைய ஆட்கள். நான் உள்ளறையில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் கொட்டினார். பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த காய்ச்சலில் குடல்வால் வீக்கம் என்று வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கோளாறும் இல்லை. "பாத்தியளா? வயித்தையே தொறந்து பாத்தாச்சு. நடிப்பு" என்றார் மாமி. அதற்குப் பிறகு அவர் மகன் இம்தியாஸ் என்னோடு பேசவில்லை. அந்த வருஷமே தலாக். அடுத்த வருஷம் உம்மாவின் தங்கையான என் சாச்சியின் மகள் பௌசியாவை அவருக்கு முடித்தார்கள்.

ஊரில் எனக்கு இன்றும் நடிப்புக் காய்ச்சல் என்றுதான் பெயர்.

ஜூன் 13, வெள்ளி

காய்ச்சல் இல்லை. கீழ்வரிசை இடது பக்கம் ரத்தம். காய்ச்சல் வராமலிருக்கத் தந்த கோல்சிசின் மாத்திரை போட்டேன். வயிறு கொஞ்சம் இளகியது.

ஜூன் 26, வியாழன்

மதுரை. ஒரு குழாயைக் கொடுத்து எச்சில் சேர்க்கச் சொன்னார்கள். சிலருக்கு வாய் வறண்டு வராதாம். நான் மாமியை நினைத்துக்கொண்டேன். சீக்கிரம் நிரம்பிவிட்டது.

எச்சிலில் என்ன பார்ப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். நான் அறிவியல் பாடம் நடத்துகிறவள் என்று அவருக்குத் தெரியும். "ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு உங்க பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?" என்றார். எங்கள் பாடத்தில் அது இல்லை என்றேன்.

"வீட்டுக்குள்ள அடுப்பு எரியுதுன்னு வைங்க. புகை வரத்தான் செய்யும். ஜன்னல் இருந்தா போயிடும். உங்களுக்கு அடுப்பு காரணமே இல்லாம குப்புனு பத்திக்குது. அது உங்க பிறவி. ஜன்னல் தாங்காத அளவுக்குப் புகை. அந்தப் புகைதான் அந்த அழுத்தம், சுவரெல்லாம் அரிச்சிடும். இப்ப ஈறும் புண்ணா இருக்குதுல்ல, அது இன்னொரு அடுப்பு. சின்னதுதான், ஆனா அணையவே அணையாது."

"ஈறைச் சரி பண்ணுனா காய்ச்சல் போயிருமா?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரைதான். அணைக்க முடிஞ்ச அடுப்பையாவது அணைப்போம்கிறேன். அதுல எவ்வளவு புகை குறையுதுன்னு பார்க்கத்தான் இந்த எச்சிலும் ரத்தமும்."

பிறகு இன்னொன்று சொன்னார். இந்த நோய் வர, தாய் வழியில் ஒரு கோளாறும் தகப்பன் வழியில் ஒரு கோளாறும் சேர வேண்டுமாம்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கெடையாது" என்று மாமி ஊர் முழுக்கச் சொன்னார். வாப்பாவும் மாமியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பரமக்குடி தாண்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜூலை 4, வெள்ளி

ஆறாம் வகுப்புக்கு நான்தான் இந்த வருஷம் வகுப்பாசிரியை. தொடக்கப் பள்ளியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருத்தி சஹ்லா. தகப்பன் பெயர் இம்தியாஸ். பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

உம்மா நெத்திலி வாங்கி வைத்திருந்தார். ஆய்ந்து முடிக்க மஃக்ரிபு தொழுகை நேரம் ஆகிவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

சஹ்லா மூன்று நாளாக வரவில்லை. இன்று வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பக்கத்துப் பிள்ளை கேட்டதற்கு, "காய்ச்சல், நேத்து தானா போயிடுச்சு" என்றாள்.

நெற்றி, பல்வரிசை, பேனாவைப் பிடிக்கிற விதம் எல்லாம் எங்கள் வீட்டு ஜாடை. இருக்காதா பின்னே? அவள் தாய் என் உம்மாவின் தங்கை மகள். அவள் தகப்பன் என் வாப்பாவின் தங்கை மகன். எனக்கு எந்த இரண்டு வழியில் வந்ததோ அதே இரண்டு வழி.

ஜூலை 30, புதன்

தலைமையாசிரியை பௌசியாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மாதத்தில் இரண்டு தடவை லீவு, பரீட்சை அன்றுதான் வயிற்றுவலி, பிள்ளை நடிக்கிறாள் என்று சொன்னார். நான் அதே அறையில் மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் பௌசியா எனக்காகக் காத்து நின்றாள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்ததில்லை. பழையபடி அக்கா முறை வைத்தே கூப்பிட்டாள்.

"லாத்தா, மாமியும் அதத்தான் சொல்றாஹ. நடிப்பாம். எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கும் இப்படித்தானே வரும்? நீங்க எங்கயாச்சும் காட்டுனீங்களா?"

"எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்" என்றேன்.

அது உண்மை. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூடக் காய்ச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஈறைச் சுத்தம் செய்து முடித்தார்கள். நாலு தடவையாகச் செய்தார்கள். ஈறுக்கு அடியில் இறுகிப்போயிருந்த காரையைச் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. இப்போது துலக்கினால் ரத்தம் இல்லை. பல வருஷம் கழித்து இன்று கொய்யாக்காயைக் கடித்துத் தின்றேன்.

ரத்தத்திலும் எச்சிலிலும் புகை குறைந்திருக்கிறது என்று டாக்டர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். அவருக்கே சந்தோஷம். "கவனிக்காம விட்டா இது கிட்னியைக் கெடுத்திடும்மா. நீங்க தப்பிச்சீங்க. உங்க சொந்தத்துல வேற யாருக்காவது இப்படிக் காய்ச்சல் உண்டா? சின்னப் பிள்ளைங்களுக்கு? இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

இல்லை என்றேன்.

உடம்பு இவ்வளவு லேசாக இருந்தால் மனசும் லேசாகும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருக்கிறது. முன்பெல்லாம் அடுத்த காய்ச்சல் எப்போது என்ற பயத்திலேயே பாதி நாள் போய்விடும். இப்போது நாள் முழுக்க மாமியை நினைக்க நேரம் கிடைக்கிறது. அவர் வீட்டில் அவர் பேத்திக்கே அது வந்திருக்கிறது. என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். இதை நினைத்துக்கொண்டே தேநீர் குடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்றாம் பீரியடில் சஹ்லா வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சை அரைகுறையாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழு மூச்சு விட்டால் குத்தும். பக்கவாட்டில் சாய்ந்தால் கொஞ்சம் குறையும். கணுக்காலுக்கு மேலே சிவந்திருந்தது. தொட்டால் சுடும்.

அறிவியல் ஆய்வுக்கூடத்துப் பெஞ்சில் படுக்க வைத்தேன்.

"மிஸ், நான் நடிக்கல."

"சரி, படு" என்றேன்.

"அந்தப் பக்கம் சாஞ்சு படு" என்றும் சொன்னேன். அவள் சாய்ந்தாள். குறைந்திருக்க வேண்டும், கண்ணை மூடினாள்.

தோசைக்கு அரைக்க மறந்துபோனேன். உம்மா கோபித்துக்கொண்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் உம்மா கறிக்கடையிலிருந்து செய்தியோடு வந்தார். சஹ்லாவுக்கு நேற்று ஆபரேஷன். குடல்வால், காத்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். "தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்லையாம்டி" என்று சொல்லிவிட்டு உம்மா என்னையே பார்த்தார். மாத்திரை டப்பாவையும் பார்த்தார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

செப்டம்பர் 10, புதன்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அன்று நான் நனைந்ததைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மாமி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு கோளாறும் இல்லையாம். அப்படியே அவ வார்ப்பு." என்னைப் பார்த்ததும் வாயை மூடினார்.

"ஏன் மாமி நிறுத்திட்டீங்க? என் வார்ப்புதான். எனக்கு உள்ள நோய்தான் இவளுக்கும். அதுக்குப் பேரு இருக்கு, மருந்து இருக்கு. எனக்கு வாப்பா வழியா வந்துச்சு. இவளுக்கு உங்க மகன் வழியா வந்துச்சு. உங்க வாப்பா வீட்டுச் சொத்து."

இம்தியாஸ் எழுந்து வந்தார். முடி நரைத்துவிட்டது. "என்ன மருந்து? எங்க கெடைக்கும்?" என்றார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க உம்மா இங்க உள்ளவஹ முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்த ஜுவைரியா நடிக்கலன்னு."

மாமி சுவரைப் பார்த்தார். "உம்மா, சொல்லுங்க" என்றார் இம்தியாஸ். திரும்பவும் "சொல்லுங்க உம்மா" என்று கத்தினார். பிள்ளை விழித்துக்கொண்டு முனகினாள்.

"அவ நடிக்கல" என்றார் மாமி, சுவரிடம்.

பன்னிரண்டு, பதிமூன்று வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். அப்படியே நின்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன். அப்போது பௌசியா என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் லாத்தா?"

"கொஞ்ச நாளா."

"நான் பள்ளிக்கூடத்துல வந்து கேட்டேனே, அப்ப தெரியுமா?"

டாக்டர் பெயரையும் விலாசத்தையும் இம்தியாஸிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கடைத்தெருவில் ஊளி மீன் நன்றாக இருந்தது. வாங்கினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமி வந்தார். ஆட்டோவில், தனியாக. தலாக்குக்குப் பிறகு இந்த வாசலை மிதித்ததில்லை. உம்மா தேநீரை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, எப்படி மறுப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்கும் வரும்டி" என்றார்.

"என்ன?"

"அந்தக் காய்ச்சல். சின்ன வயசுலேருந்து. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு மாவு இடிச்சிருக்கேன். நடுங்கிக்கிட்டே ஊருக்கே ஆக்கிப் போட்டிருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாது, உங்க மாமாவுக்கே தெரியாது. ஆம்பளைக்குத் தெரிஞ்சா சீக்குக்காரின்னு தள்ளி வச்சிருவாஹ. நீ வந்தே. காய்ச்சல்னு பாயப் போட்டுப் படுத்தே. எம் மகன் ஒனக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தான். அதப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

"அப்ப நான் நடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தண்ணிய ஊத்தும்போது?"

"அப்பவும் தெரியும்."

கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் சொன்னார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். வீங்கியிருந்தது. விரல் வைத்து அழுத்தினார், குழி அப்படியே நின்றது. மூத்திரம் நுரையாகப் போகிறதாம்.

"மதுரைக்கு எல்லாரும் போறோம். என்னயும் டாக்டர் கேப்பாஹ. என் காலப் பாத்தா ஒனக்கு எப்படியும் வெளங்கிரும், அதான் முன்னாடியே சொல்றேன். நீ வாயத் தொறக்காதே. இம்தியாசுக்குத் தெரிஞ்சா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே புள்ளய வெட்ட விட்டுட்டு இருந்தியேன்னு கேப்பான். அத என்னால தாங்க முடியாது."

தெரிந்துகொண்டே ஒரு பிள்ளையை வெட்ட விட்டவர். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று உம்மாவிடம் சொல்லலாம் என்று பின்பக்கம் போனேன். உம்மா முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மாமியை மன்னிக்கவில்லை. அதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஒரே வேனில் போனோம். இம்தியாஸ்தான் என்னையும் கூப்பிட்டார், டாக்டரைத் தெரிந்தவள் என்று. பௌசியா முன்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் கனகமணி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார். சஹ்லாவுக்கு ஈறு வீக்கம் இப்போதே ஆரம்பித்திருக்கிறது. மாமியின் வாயில் வெகுநேரம் விளக்கை வைத்துப் பார்த்தார். ஈறு வற்றி, பாதிப் பல் ஆடியது.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்து வந்து போகுமாம்மா?"

"இல்ல டாக்டர். எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல."

"வயிற்றுவலி, நெஞ்சுவலி?"

"நான் நல்லா இருக்கேன்."

"கால்ல வீக்கம்?"

மாமி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அதைப் பார்ப்பதற்காக நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன்!

"அவஹ நடிக்கிறாஹ டாக்டர்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதுக் காய்ச்சல், கால், நுரை, நான் நடிக்கவில்லை என்று தனக்கு அன்றே தெரியும் என அவர் சொன்னது வரைக்கும். நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வதுபோல் சொன்னேன். இம்தியாஸ் தன் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து கதவில் இடித்து நின்றார். மாமி என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அதில் ரத்தம் இருந்தது.

டாக்டர் என்னையும் ஒருமுறை பார்த்தார். ஆகஸ்டில் அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். பிறகு மாமிக்கு மூத்திரப் பரிசோதனை எழுதினார்.

நவம்பர் 3, திங்கள்

மாமிக்குக் கிட்னியில் பாதி போய்விட்டது. இனி மாத்திரையால் மீதியைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்களாம். இன்னும் ஒரு வருஷம் இப்படியே மறைத்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது என்றார்கள். ஆக, நான்தான் காப்பாற்றினேன் என்று ஊரில் பேச்சு. இம்தியாஸ் தாயோடு பேசுவதில்லை, சாப்பாட்டைத் தனியாக வைத்துவிட்டுப் போகிறாராம். என்னை நடிப்புக் காய்ச்சல் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 12, புதன்

சஹ்லாவுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல் வரவில்லை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. நேற்று கபடியில்கூட ஓடினாள்.

இன்று பௌசியா வந்து அவளுக்கு டி.சி. கேட்டாள். ராமநாதபுரத்தில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம். வகுப்பாசிரியை கையெழுத்து வேண்டும். போட்டேன். புதுப் பள்ளிக்கூடத்தில் மாத்திரை வேளையைச் சொல்லி வைக்கும்படி சொன்னேன். தலையாட்டினாள்.

"பௌசியா, நான் சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னேன்ல?"

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மாமி தெரிஞ்சும் சொல்லல. நீங்களும் தெரிஞ்சும் சொல்லல. அவஹளுக்கு வயசாயிடுச்சு, நான் விட்டுட்டேன். உங்கள விட மாட்டேன் மிஸ்."

கேட்டுக்குப் பக்கத்தில் சஹ்லா புத்தகப் பையோடு நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்துக் கையசைத்தாள். நானும் கையைத் தூக்கினேன். பௌசியா அவள் தோளைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.